சாய்வுச் சைக்கிளுக்கு மாற்று இருக்கை: கொழும்பில் தேர்வதும் தேடுவதும்

சாதாரணச் சைக்கிளின் சீட் கிழிந்தால் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். சீட்டின் அடியில் ஓடும் இரண்டு கம்பிகளும் 7 மி.மீ. தடிப்பு, அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 44 மி.மீ. எந்தக் கடையில் வாங்கினாலும் அநேகமாகப் பொருந்திவிடும். சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரிக்கம்பண்ட் சைக்கிளுக்கு அப்படியொரு பொது அளவு கிடையாது. 1934இல் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் இந்த வகையைப் பந்தயங்களிலிருந்து விலக்கிய பிறகு பெரிய தொழிற்சாலைகள் இதன் பக்கம் வரவில்லை. சிறிய பட்டறைகள்தான் தங்களுக்கு வசதியான குழாய் அளவிலும் தங்களுக்குப் பிடித்த பொருத்து முறையிலும் இருக்கை செய்து வந்தன. அவற்றில் சில இன்று இல்லை. அமெரிக்காவின் பைக்-ஈ நிறுவனம் 2002இலேயே மூடப்பட்டுவிட்டது.

ஆகவே, "என் வண்டிக்கு ஒரு சீட் வேண்டும்" என்று தேடத் தொடங்கினால் அலைச்சல்தான் மிஞ்சும். இருக்கை என்பது மூன்று பொருட்களின் கூட்டு: எடையைத் தாங்கும் சட்டம், உடம்பைத் தொடும் வலை அல்லது மெத்தை, வண்டியோடு பிணைக்கும் பொருத்து. இவற்றில் எது கெட்டது என்று கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றுவதே சரியான வழி. வலையையும் மெத்தையையும் கொழும்பிலேயே நன்றாகச் செய்விக்கலாம். இரும்புச் சட்டத்தையும் செய்விக்கலாம். வெளிநாட்டிலிருந்து முழு இருக்கையாக எடுப்பதைக் கடைசித் தெரிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எது கெட்டது?

இருக்கையை வண்டியிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வண்டியில் இருக்கும்போது பாதிக் கோளாறு கண்ணில் படாது.

வலை இருக்கை என்றால், உட்காரும்போது தொடைக்கு அடியிலோ வாலெலும்புக்கு அடியிலோ குறுக்குக் கம்பி முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் வலை தொய்ந்துவிட்டது. கயிற்றை அல்லது வார்களை இறுக்கிப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் பின்னால் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு இழுத்தும் தொய்வு போகவில்லை என்றால் அந்த வலையின் ஆயுள் முடிந்தது. தையல் ஓரத்தை நகத்தால் சுரண்டுங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் அது வெயிலில் இற்றுப்போன நூல். துணி நன்றாக இருந்தால் மறுதையல் போதும்.

சட்டத்தில் வெடிப்பைத் தேட வேண்டிய இடங்கள் மூன்று: வெல்டிங் ஓரங்கள், குழாய் வளையும் இடத்தின் உள்பக்கம், பின்தாங்கிகள் (முதுகுப்பகுதியை வண்டியோடு பிணைக்கும் கம்பிகள்) பொருந்தும் காதுகள். வண்ணப்பூச்சில் தலைமயிர் போன்ற கோடு தெரிந்தால் சுரண்டிப் பாருங்கள். இரும்பில் அந்தக் கோட்டில் துரு கசிந்திருக்கும். அலுமினியத்தில் சாம்பல் அல்லது வெண்பொடி இருக்கும்.

பைபர் ஓட்டு இருக்கை, அதாவது உடம்பு வளைவில் ஓடு போலச் செய்த கெட்டியான இருக்கை என்றால், ஒரு நாணயத்தால் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்ற கூரிய ஒலி ஓரிடத்தில் மந்தமாக மாறினால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. இது பெரும்பாலும் போல்ட் துளைகளைச் சுற்றியே நடக்கும். மிதிக்கும்போது உங்கள் முதுகு இருக்கையை அழுத்தும் விசை முழுவதும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. சாதாரணச் சைக்கிளில் எடைக்கு மேல் மிதித்தால் உடம்பு எழும்பிவிடும். ரிக்கம்பண்டில் முதுகுக்கு முட்டு இருப்பதால் உடல் எடையையும் மிஞ்சிய விசையோடு மிதிக்க முடியும். இருக்கையின் பின்தாங்கிகளையும் போல்ட்களையும் அலட்சியமாகத் தெரிவு செய்யக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

உடம்பு வலிதான் முறைப்பாடு என்றால், இருக்கை கெட்டிருக்கிறதா, அமைப்புத்தான் பிழையா என்று முதலில் பிரித்தறியுங்கள். பின்பக்கச் சதையில் எரிச்சலோடு கூடிய வலி வந்தால், இருக்கை மிகவும் நிமிர்ந்திருக்கிறது அல்லது மெத்தை மிகவும் மென்மையாக இருக்கிறது. பாதம் மரத்துப்போனால், இருக்கையின் முன் ஓரம் தொடையின் அடியை அழுத்துகிறதா என்று பாருங்கள். முன்பக்கம் வழுக்கிக்கொண்டே வந்தால் அடிப்பகுதியின் முன்முனையை 10 முதல் 15 மி.மீ. உயர்த்தினால் அநேகமாகச் சரியாகிவிடும். இவற்றுக்குப் புது இருக்கை வாங்கினாலும் அதே வலி தொடரும்.

அளவெடுத்தல்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். சட்டையை அளவில்லாமல் தைப்பித்தால் வீட்டில் கட்டலாம். அளவு பிழைத்த இருக்கையை எங்கும் பயன்படுத்த முடியாது. உடம்பு அளவுக்கு ஒருவர் துணை வேண்டும். சீமெந்துத் தரையில், சுவரோடு முதுகு ஒட்ட உட்காருங்கள்.

1. தரையிலிருந்து தோள் உச்சிவரை உயரம். இருக்கையின் முதுகுப்பகுதி இதற்குச் சற்றுக் கீழே முடிய வேண்டும். அதற்கு மேலே போனால் தோளை முன்னே தள்ளிக் கழுத்தை வருத்தும்.
2. தரையிலிருந்து இடுப்பின் பின்குழிவு வரை உயரம். துணைக்கு இருப்பவர் சுவருக்கும் முதுகுக்கும் இடையே கையை விட்டு, குழிவு எங்கே ஆழம் என்று பார்க்கட்டும். பலருக்கு இது 15 முதல் 20 செ.மீ.க்குள் வரும்.
3. இடுப்பின் அகலம். இரண்டு பக்கமும் தடித்த புத்தகத்தை நிறுத்தி, இடைப்பட்ட தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.
4. சுவரிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இருக்கையின் அடிப்பகுதி இந்த நீளத்தின் பாதியளவில் முடிந்தால் போதும். மிதிக்கும்போது தொடை இறங்க இடம் வேண்டும்.
5. காலை நீட்டி, ஓட்டும்போது போடும் சப்பாத்தோடு, சுவரிலிருந்து அடிப்பாதம் வரை.

அடுத்து வண்டி. முன்பொருத்தின் போல்ட் மையத்திலிருந்து பின்தாங்கியின் போல்ட் மையம்வரை தூரம், இடது வலது தாங்கிகளுக்கு இடையே அகலம், தாங்கியின் நீளம், போல்ட்டின் விட்டம். கிளாம்ப் பிடிக்கும் பிரதான குழாயின் வெளிவிட்டத்தை வேனியர் கருவியால் எடுங்கள். 28.6, 31.8, 38.1, 50.8 மி.மீ. என்பவை அடிக்கடி காணும் அளவுகள். இவை அங்குல அளவுகளின் மி.மீ. வடிவம் என்பதால் 38 என்று மட்டும் குறித்துவிட்டு 38.1ஐ மறக்காதீர்கள். அலுமினியக் கிளாம்ப் ஒன்றைக் கடையும்போது அந்தச் சிறு வித்தியாசமும் இறுக்கத்தைப் பாதிக்கும். பழைய சாய்வுக் கோணத்தைக் கைத்தொலைபேசியின் மட்டமானியால் அளந்து குறியுங்கள்.

கடைசியாக இடைவெளிகள். இருக்கைக்குக் கீழே சங்கிலி ஓடும் வண்டியில், எடை ஏறி வலை தொய்ந்த நிலையிலும் சங்கிலிக்கு மேலே 2 முதல் 3 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். பின்சில்லுக்கு மேலே இருக்கை வரும் குட்டை வண்டிகளில், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கினாலும் டயருக்கும் இருக்கைக்கும் இடையே 3 செ.மீ. இருக்கட்டும். ஹாண்டில் இருக்கைக்கு அடியில் இருக்கும் வண்டிகளில், பழையதைவிட 4 செ.மீ. அகலமான இருக்கையைப் போட்டாலே திரும்பும்போது கை ஓரத்தில் உரசும். படத்தில் அழகாகத் தெரிந்த அகல இருக்கையை வாங்கிவிட்டு ஹாண்டிலை வெட்ட வேண்டி வருவது இதனால்தான்.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் படம் வரைந்து குறியுங்கள். மி.மீ.க்குப் பக்கத்தில் அங்குலமும் எழுதுங்கள். கொழும்புப் பட்டறைகளில் பாஸ்மார், அதாவது வேலை தெரிந்த தொழிலாளர்கள், அங்குலத்திலும் நூலிலும்தான் பேசுவார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம், தமிழிலும் சிங்களத்திலும் இது விளங்கும். பேச்சில் குழப்பம் வந்தாலும் படம் காப்பாற்றும்.

எந்த வகை?

இரண்டு பெரிய வகைகள். குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை ஒன்று. பைபர், காபன் அல்லது பிளைவூட்டால் உடம்பு வளைவில் செய்து மேலே மெத்தை போட்ட ஓடு மற்றது. மெத்தையிட்ட அடிப்பலகையும் வலை முதுகும் கொண்ட கலப்பு வகையும் உண்டு.

கொழும்புக்கு வலையே ஏற்றது என்று துணிந்து சொல்லலாம். ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியஸ் சராசரி வெப்பம், காற்றில் எப்போதும் ஈரம். முதுகு முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓட்டு இருக்கையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்ச் சேரும்போது சட்டை பிழியும் நிலையில் இருக்கும். வலை, வீதிக் குழிகளின் அதிர்ச்சியையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். ஓடு வேண்டியிருப்பது, சட்டம் அதற்கென்றே செய்யப்பட்ட வேக வண்டிகளுக்கு. அவற்றில் இருக்கை தரையோடு 20 முதல் 35 பாகை வரையே சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வில் வலைச் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் இடைஞ்சல் தரும். ஓட்டை வைத்திருந்தால் காற்று ஊடுருவும் முப்பரிமாண வலைமெத்தை ஒன்றை மேலே போடுங்கள். நெதர்லாந்தின் வென்டிசிட் இந்த வகையில் பெயர்பெற்றது. சுருட்டி அனுப்பக்கூடியது, எடையும் குறைவு.

நகரத்தில் ஓட்டுவதற்கு 40 முதல் 50 பாகைச் சாய்வு நல்லது. அதைவிடப் படுத்தால் சந்திகளில் தலையைத் திருப்பிப் பார்ப்பது கடினம், பஸ்களுக்கு நடுவே முன்னே நடப்பதும் தெரியாது. 60ஐத் தாண்டி நிமிர்ந்தால் எடை முழுவதும் பின்பக்கத்தில் இறங்கி வலி தொடங்கும்.

சிலவற்றை நேரடியாகத் தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் கதிரையை வெட்டிப் பொருத்தும் யோசனை பலருக்கு வரும். வெயிலில் பொலிபுறொப்பிலீன் நொறுங்கும் தன்மை அடையும், மிதிக்கும் விசையில் போல்ட் துளையிலிருந்து கிழியும். கார் சீட் பத்துக் கிலோவைத் தாண்டும். ஓட்டோ சீட்டின் ஸ்பொஞ் ஒரு மழையைக் குடித்தால் இரண்டு நாளைக்குக் காயாது.

வலையை மறுபடி தைப்பித்தல்

பெரும்பாலானோருக்கு வேண்டியது இவ்வளவுதான். சட்டம் நன்றாக இருந்தால் இதோடு வேலை முடியும்.

துணி: வெளிமுற்றக் கதிரைகளில் இழுத்துக் கட்டும், பிவிசி பூசிய பொலியெஸ்டர் வலை. தளபாடத் துணி விற்கும் கடைகளில் கேளுங்கள். கெய்சர் வீதியும் அதைச் சுற்றிய புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களும் துணிக்குப் பேர்போனவை. ஆனால் அங்கே அநேகம் உடுதுணி. இந்த வலையை ரெக்சின், குஷன் சாமான் விற்பவர்களிடமே கேட்க வேண்டும். ஒன்றரை மீட்டர் போதும். நாற்றுமேடைக்குப் போடும் நிழல்வலை வேண்டாம், அது இழுபட்டுக்கொண்டே போகும். நைலோன் வலையும் வேண்டாம், நனைந்தால் தண்ணீரை உறிஞ்சித் தொய்யும். துண்டு ஒன்றை இரண்டு கையாலும் மூலைவாட்டில் இழுத்து விடுங்கள். உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பினால் எடுக்கலாம்.

வார்: 25 மி.மீ. பொலியெஸ்டர். கடையில் எல்லாவற்றையும் 'நைலோன் பெல்ட்' என்றுதான் தருவார்கள். ஒரு சிறு துண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, காற்றுக் குமிழ் போகப் பிசைந்து, தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் பொலிபுறொப்பிலீன், அது வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும். தாழ்ந்தால் பொலியெஸ்டராகவோ நைலோனாகவோ இருக்கும். ஓரத்துக்கு இரண்டுமே தாங்கும், பொலியெஸ்டர் மேல்.

நூல்: தடித்த பொலியெஸ்டர் நூல், குடை அல்லது பயணப்பை தைப்பவர்கள் பயன்படுத்துவது. பருத்தி நூல் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிற்காது. ஊசி 18ஆம் இலக்கம். தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று பாஸ் சொல்வார். இந்தத் துணியில் அது நேர்மாறு, நெருங்கிய துளைகளின் வரிசையிலேயே துணி கிழிந்துவிடும். பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

தைப்பவர்: வீட்டுத் தையல் இயந்திரம் இதற்கு ஏறாது. ஓட்டோ ஹூட், லொறித் தார்ப்பாய், வாகனக் குஷன் தைக்கும் பட்டறைகளிடம் போங்கள். பஞ்சிகாவத்தை, மருதானைப் பக்கம் வாகன வேலைக்காரர்கள் நிறைய. உங்கள் ஊர்ச் சந்தியிலும் ஒரு குஷன் பாஸ் இருப்பார், அவரே போதும்.

செய்முறை இது. பழைய வலையைப் பிரித்து அதையே அச்சாக வெட்டாதீர்கள், அது தொய்ந்த வடிவம். சட்டத்தின் மேல் பழைய பத்திரிகைத் தாளை ஒட்டி, குழாயின் வெளி ஓரத்தைக் கோடிட்டு அச்செடுங்கள். வலை குழாயைச் சுற்றிப் பின்னால் போய், இரண்டு ஓரங்களுக்கும் நடுவே கயிறு கோக்கும் வகை என்றால், பின்னால் 6 முதல் 8 செ.மீ. இடைவெளி மிஞ்சும்படி அளவை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிதான் பிறகு இறுக்குவதற்கு உங்கள் கையில் இருக்கும் சேமிப்பு. ஓரத்தை இரண்டாக மடித்து உள்ளே வாரை வைத்து மூன்று வரி தையல். ஐலெட் வளையங்கள் 5 செ.மீ.க்கு ஒன்று, வாரையும் சேர்த்துத் துளைக்கும்படி. வார் இல்லாத இடத்தில் போட்ட ஐலெட் முதல் வாரத்திலேயே பிய்த்துக்கொண்டு வரும். பித்தளை ஐலெட் எடுங்கள், கடற்காற்றில் இரும்பு ஐலெட் துருவேறித் துணியையும் அரிக்கும்.

கயிறு 4 மி.மீ. பின்னல் பொலியெஸ்டர். இழுவைக் கயிறு, அதாவது ரப்பர் உள்ளே ஓடும் கயிறு, கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் முதுகு பின்னே போய் வரும், உழைப்பு வீணாகும். ஒரே கயிறாகக் கோக்காமல் அடிப்பகுதி, இடுப்பு, தோள் என மூன்று தனிக் கயிறுகளாகக் கோத்துவிடுங்கள். அடிப்பகுதி இறுக்கமாக, இடுப்புக் குழிவில் இன்னும் ஒரு பிடி இறுக்கமாக, தோளில் சற்றுத் தளர்வாக. ஒரே கயிற்றில் இப்படி வித்தியாசம் வைக்க முடியாது, ஓட ஓட இறுக்கம் தானே சமமாகிவிடும்.

சட்டம் போயிருந்தால்

இரும்புச் சட்டத்தின் வெடிப்பை நல்ல வெல்டிங் பாஸ் ஒட்டிவிடுவார், உள்ளே ஒரு குழாய்த் துண்டை நுழைத்து ஒட்டினால் இன்னும் நல்லது. அலுமினியம் வேறு கதை. அதற்கு டிக் வெல்டிங் வேண்டும். ஒட்டிய பிறகும் சூடு பட்ட பகுதி பழைய பலத்தை இழந்துவிடும், அடுத்த வெடிப்பு பக்கத்திலேயே வரும். ஆகவே பின்தாங்கிக் காதிலோ வளைவிலோ வெடித்த அலுமினியச் சட்டத்தை ஒட்டுவதைவிட, அதையே மாதிரியாக வைத்து இரும்பில் புதிதாகச் செய்வது நல்லது.

இரும்புத் தளபாடம் செய்யும் பட்டறைகளில் குழாய் வளைக்கும் இயந்திரம் இருக்கும். முக்கால் அங்குலம், அதாவது ஆறு நூல் விட்டமும் 1.2 மி.மீ. சுவரும் உள்ள வட்டக் குழாய் கேளுங்கள். மீட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. ஓர் இருக்கைக்கு மூன்று, மூன்றரை மீட்டர் போகும். மலிவுக் கதிரைகளுக்குப் போடும் மெல்லிய குழாய் இந்த விசைக்குத் தாங்காது. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது, குறைந்தால் உள்பக்கம் மடிந்துவிடும். குறுக்குக் கம்பிகளை நேராக வைக்காமல் பின்பக்கம் வளைத்து, வலையிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி வையுங்கள்.

போல்ட், நட், கிளாம்ப் சாமான்களுக்குப் பழைய சோனகத் தெருவும் குவாரி வீதியும் போதும். சைக்கிள் உதிரிப்பாகக் கடைகள் டாம் வீதியில் இருக்கின்றன. இங்கே ஒரு பொறி உண்டு. வெளிநாட்டு வண்டியில் இருப்பது எம்6 போல்ட், அதாவது 6 மி.மீ. விட்டமுள்ளது. கடையில் இரண்டு நூல் போல்ட் எடுத்துத் தருவார்கள். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அது 6.35 மி.மீ., மரையும் வேறு. முதல் ஒரு சுற்றுக்கு ஏறுவது போலத் தோன்றி, பிறகு அலுமினிய மரையைத் தின்றுவிடும். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். இரும்பு போல்ட் என்றால் தலையில் 8.8 என்று பொறித்தது, ஸ்டெயின்லெஸ் என்றால் ஏ2-70. அதிர்விலும் இளகாத நைலொக் நட்டும் அகன்ற வாஷரும் சேர்த்து எடுங்கள்.

ஓட்டு இருக்கையின் பைபர் வேலைக்கு, மீன்பிடித் துறைமுகங்களை அண்டிப் படகு திருத்துபவர்களே கைதேர்ந்தவர்கள், முகத்துவாரம் அல்லது நீர்கொழும்புப் பக்கம். 450 கிராம் மாட் (சதுர மீட்டருக்கு அவ்வளவு எடையுள்ள கண்ணாடியிழை விரிப்பு) ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. தடிப்புத் தரும். ஓட்டுக்கு நான்கு அடுக்கு, போல்ட் வரும் இடங்களில் ஆறு, ஏழு அடுக்கு. நடுவே 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றையும் புதைக்கச் சொல்லுங்கள். படகுக்காரர் பழக்கத்தில் எல்லா இடத்தையும் தடிப்பாக்கிவிடுவார், எடை இரட்டிப்பாகும். எங்கே எத்தனை அடுக்கு என்று ஓட்டின் மேலேயே மார்க்கரால் எழுதிக் கொடுங்கள்.

மெத்தைக்கு ஈ.வி.ஏ. போன்ற மூடிய கண் ஃபோம், 20 முதல் 25 மி.மீ. செருப்புச் செய்பவர்கள் வாங்கும் ஷீட்டில் மென்மையான தரம் கிடைக்கும். துண்டு ஒன்றைத் தண்ணீருக்குள் அமுக்குங்கள். குமிழ் கிளம்பிக்கொண்டே இருந்தால் அது திறந்த கண் ஸ்பொஞ், வைத்துவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால்

முதலில் வண்டியைச் செய்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஜெர்மனியின் எச்பி வெலோடெக்னிக், இங்கிலாந்தின் ஐசிஇ, செக் நாட்டின் அசுப், அமெரிக்காவின் கட்ரைக், டெரா-ட்ரைக், தைவானின் பெர்ஃபோமர் போன்றவை இத்துறையில் தெரிந்த பெயர்கள். வண்டிச் சட்டத்தில் பொறித்த இலக்கம், மாதிரி, இருக்கையின் அளவு, அளவுநாடா வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். கேள்வி "சீட் இருக்கிறதா" என்று இருக்கக்கூடாது. "வலை மட்டும் தருவீர்களா, பொருத்து மட்டும் தருவீர்களா" என்று கேளுங்கள்.

காரணம், கூரியர் கட்டணம். கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரங்களை செ.மீ.இல் பெருக்கி 5000ஆல் வகுத்து, அதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டுக் கூடியதற்கே பணம் கேட்பார்கள். 90, 45, 35 செ.மீ. பெட்டியில் வரும் 3 கிலோ இருக்கை 28 கிலோ என்று கணக்கிடப்படும். அதே இருக்கையின் வலை ஒரு சட்டையின் அளவுக்குச் சுருளும். சட்டமும் வேண்டுமென்றால், அடியும் முதுகும் தனித்தனியாகப் பிரியும் மாதிரியைத் தேடி, ஒன்றுக்குள் ஒன்றை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியில் வலையும் பொருத்தும் வருவதே எல்லாவற்றிலும் மலிவு.

சுங்கத்தில் வரி, பொருளின் விலைக்கு மட்டும் விழுவதில்லை. அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு விழும். அதன் மேல் வற் வரியும் உண்டு, 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். ஆகவே கூரியர் கட்டணம் ஏற ஏற வரியும் ஏறும். பெட்டியின் மேல் சைக்கிள் உதிரிப்பாகம் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சைக்கிள் பாகங்கள் 8714 என்ற தலைப்பில் வருபவை, அதிலே சீட்டுகளுக்கு 8714.95. வெறுமனே 'இருக்கை' என்று எழுதினால் தளபாட இருக்கைகளுக்குரிய 9401இல் போட இடமுண்டு. முடிவு சுங்க அதிகாரியுடையது, ஆனாலும் விலைச்சிட்டையும் வண்டியில் பூட்டிய நிலையில் ஒரு படமும் கையிலிருந்தால் பேச்சு சுருங்கும். பணம் அனுப்புமுன் அப்போதைய வரி வீதத்தைச் சுங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்துதல்

எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, இருக்கையை அதன் இடத்தில் இளக்கமாக உட்கார வையுங்கள். ஒரு பக்கத்தை இறுக்கிய பிறகு மறுபக்கத்தை இழுத்துக் கோத்தால், அந்த இழுவை சட்டத்திலேயே தங்கி நாளடைவில் வெடிக்கும். 2 மி.மீ. இடைவெளி இருந்தால் வாஷரால் நிரப்புங்கள்.

அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் தொடும் இடங்களில் கிரீஸ் தடவாமல் பூட்டாதீர்கள். காலி வீதி, மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது கட்டாயம். உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று வினைபட்டு, அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும், போல்ட் பிறகு கழராது. எம்6 போல்ட்டை 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் கீ இல்லையென்றால் குட்டை அலன் கீயை ஒரு கையால் நன்றாக இறுக்குவது போதும், குழாய் மாட்டி நெம்ப வேண்டாம்.

புது மெத்தை பழையதைவிட 3 செ.மீ. தடிப்பு என்றால் நீங்கள் 3 செ.மீ. முன்னே வந்துவிட்டீர்கள். பெடல் தாங்கும் முன்குழாயை அவ்வளவு தூரம் முன்னே தள்ள வேண்டும். சங்கிலி போகவும் வரவும் இரண்டு தடவை அந்தத் தூரத்தை ஓடுவதால், 3 செ.மீ.க்கு 6 செ.மீ. சங்கிலி கூடுதலாக வேண்டும். சங்கிலியின் ஒரு சோடிக் கண்ணி 25.4 மி.மீ., ஆகவே இரண்டு சோடி, சிலவேளை மூன்று. சங்கிலியை நீட்டாமல் பெரிய பற்சக்கரங்களுக்கு மாற்றினால் கியர் மாற்றும் பின் டெரெய்லர் முறுகிச் சில்லுக்குள் போய்விடும்.

வீதிக்கு இறக்குமுன் ஒரு சோதனை. சுவரோரம் நிறுத்தி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பிரேக்கையும் அழுத்தியபடி ஒரு பெடலை முழு பலத்தோடு உதையுங்கள். இருபக்கமும் பத்துத் தடவை. கிறீச்சிடும் பொருத்து இன்னும் இறுகவில்லை. தாங்கி வளைந்தால் அதை அப்படியே கழற்றி மாற்றுங்கள், நிமிர்த்திப் பூட்டாதீர்கள்.

பிறகு வாகனம் குறைந்த ஞாயிறு காலையில் இரண்டு கிலோமீட்டர் ஓடி, எல்லா போல்ட்டையும் மறுபடி பாருங்கள். புது வலை முதல் ஒரு மணி நேரத்திலேயே கொஞ்சம் இளகும், உடனே இறுக்குங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. சாய்வை மாற்றும்போது ஒரு தடவைக்கு 2 அல்லது 3 பாகைதான், ஒவ்வொரு நிலையையும் மார்க்கரால் குறித்துவிட்டுக் குறைந்தது மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். முதுகுத் தசை புது நிலைக்குப் பழக அவ்வளவு நாள் எடுக்கும், முதல் நாள் வலியை வைத்து முடிவெடுத்தால் சரியான கோணத்தைக் கடந்து போய்விடுவீர்கள்.

கடற்கரை வீதிகளில் ஓட்டுபவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை இருக்கையை வெறும் தண்ணீரால் கழுவி நிழலில் காய விடுங்கள். மொட்டைமாடி வெயிலில் நிறுத்துவதென்றால் மேலே ஒரு துணி. வலையின் தாள் அச்சையும் அளவுத் தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், அடுத்த தடவை குஷன் பாஸிடம் அவற்றையே கொடுத்தால் போதும்.